ஆய்வேடு சொல்வதும் பத்து நாள் சீட்டு சொல்வதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு மருத்துவப் பக்கத்தில் மூட்டுவலி குறித்து வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். உடல் எடை, சர்க்கரை, நடைப்பயிற்சி பற்றி அதில் எழுதியிருந்தவை பெரும்பாலும் சரியானவையே. "பிசியோதெரபியும் உதவும்" என்ற ஒற்றை வரியோடு அச்சாகியிருந்த படம்தான் என்னை இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. ஒரு பெண்மணி கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருக்கிறார். அவருடைய முழங்காலில் நான்கு ஒயர்கள் ஒட்டப்பட்டிருக்கின்றன. பக்கத்தில் ஒரு மெஷின் ஒளிர்கிறது. வெள்ளைக் கோட்டு அணிந்த ஒருவர் அதன் குமிழைத் திருப்புகிறார். மும்பையில் 26 ஆண்டுகளாக இத்தொழிலைச் செய்துவரும் எனக்கு அந்தப் படம் அந்நியமானதன்று. அந்த வெள்ளைக் கோட்டுக்குள் நானே ஆயிரக்கணக்கான முறை நின்றிருக்கிறேன். பிசியோதெரபி என்றால் இதுதான் என்று மக்கள் நம்புவதற்கும், கடந்த முப்பது ஆண்டுகளில் எங்கள் துறையில் நடந்த ஆய்வுகள் சயானிலும் தாராவியிலும் இருக்கிற ஒரு நோயாளியின் முழங்காலை எட்டாமல் நிற்பதற்கும் தொடர்பு இருப்பதாக நான் கருதுவதால், கடிதம் சற்று நீண்டாலும் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

மும்பைக்கும் இத்துறைக்கும் உள்ள உறவு பழையது. போலியோ பிள்ளைகளை முடக்கிக்கொண்டிருந்த காலத்தில், 1950களின் தொடக்கத்தில், பரேலில் உள்ள கே.இ.எம். மருத்துவமனையில் உலக சுகாதார நிறுவனத்தின் ஒத்துழைப்போடு அமைந்த பள்ளியில்தான் இந்தியாவில் முறையான பிசியோதெரபிக் கல்வி தொடங்கியது. 1955-ல் ஹாஜி அலியில் உடலியல் மருத்துவத்துக்கும் மறுவாழ்வுக்குமான அகில இந்திய நிறுவனம் உருவானது. போலியோ வந்த குழந்தையின் காலைக் கையால் தாங்கி, அசைத்து, பட்டை கட்டி, அடி எடுத்து வைக்கப் பழக்கிய தலைமுறையிடம் படித்தவர்கள் என் ஆசிரியர்கள். அவர்களுக்கு மெஷின் ஒரு துணைப்பொருள். அது எப்படி முதற்பொருள் ஆனது என்பதற்குப் பின்னர் வருகிறேன். ஆய்வுகள் சொல்வதை முதலில் வைத்துவிடுகிறேன்.

பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் என்னும் அமைப்பு, 2016-ல் இடுப்புவலிக்கான வழிகாட்டுதலை வெளியிட்டபோது, தோல்வழியே மின்சாரம் செலுத்தும் ஐ.எஃப்.டி., டென்ஸ், ஒலியலை செலுத்தும் அல்ட்ராசவுண்ட், இழுவைச் சிகிச்சை ஆகியவற்றைத் தர வேண்டாம் என்றே எழுதியது. இடுப்பில் கட்டும் பெல்ட்டும் அந்த வேண்டாம் பட்டியலில் இருந்தது. 2022-ல் அதே அமைப்பு ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸ் எனப்படும் மூட்டுவாதத்துக்கான வழிகாட்டுதலைப் புதுப்பித்தபோது, மின்சிகிச்சைகளால் பயன் உண்டு என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று அவற்றை ஒதுக்கிவிட்டு, அவரவர் தேவைக்கேற்ற தசைப் பயிற்சியை எல்லோருக்கும் தர வேண்டியதாக முன்னால் வைத்தது. தொடக்கத்தில் வலி சற்றுக் கூடலாம் என்பதை நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்றும் அறிவுறுத்தியது. படுக்கை ஓய்வின் கதையோ இதைவிடப் பழையது. ஹெல்சின்கி நகராட்சி ஊழியர்களில் திடீர் இடுப்புவலி வந்தவர்களை மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவினரை இரண்டு நாள் படுக்க வைத்து, மற்றொரு பிரிவினருக்கு முதுகுப் பயிற்சி கொடுத்து, மூன்றாம் பிரிவினரை வலி அனுமதிக்கும் அளவுக்கு வழக்கமான வேலையைப் பார்க்கச் சொன்ன ஆய்வு 1995-ல் வெளிவந்தது. விரைவில் தேறியவர்கள் வழக்கமான வேலையைப் பார்த்தவர்களே. அந்த ஆண்டு நான் கல்லூரியில் இருந்தேன். எங்கள் பாடத்தில் "பலகைக் கட்டிலில் முழு ஓய்வு" என்று இருந்தது. தேர்வில் அப்படியே எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன். இப்போதும் வாரத்துக்கு இரண்டு பேராவது பலகை வாங்கி வைத்துவிட்டுத்தான் என்னைப் பார்க்க வருகிறார்கள்.

ஆய்வு ஒன்று மருத்துவரின் கைக்கு வர 17 ஆண்டுகள் ஆகும் என்று ஒரு கணக்கு எங்கள் கருத்தரங்குகளில் அடிக்கடி சொல்லப்படும். அதைக் கேட்டு எல்லோரும் தலையசைத்துவிட்டுச் சாப்பிடப் போவோம். அந்த 17 ஆண்டுகள் எங்கே போகின்றன என்று ஒருவரும் கேட்பதில்லை. என் அனுபவத்தில் அவை போகுமிடம் மேசைமேல் இருக்கிற ஒரு துண்டுச் சீட்டு.

எலும்பு மருத்துவரிடமிருந்து வரும் அந்தச் சீட்டில் இரண்டு மெஷின்களின் பெயரும் அவற்றின்கீழ் "10 நாள்" என்பதும் மட்டுமே இருக்கும். நோயாளி அதை மருந்துக் கடைச் சீட்டைப் போல நீட்டுவார். பத்து நாளைக்கு எவ்வளவு, ஒரு சிட்டிங்குக்கு எவ்வளவு என்று கேட்பார். பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள் வெளிநோயாளிப் பிசியோதெரபிக்குப் பணம் தருவதில்லை என்பதால் அது அவருடைய கைக்காசு; அந்தக் காசுக்குக் கண்ணால் பார்க்கக்கூடிய ஏதாவது ஒன்று நடக்க வேண்டும் என்று அவர் எதிர்பார்ப்பதைத் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "கரண்ட் வெச்சீங்கன்னா அங்கயே சுருக்குன்னு தெரியுது, நல்லா இருக்கு" என்பார்கள். மெஷின் வைக்கும்போதும் வைத்த சற்று நேரத்துக்கும் சிலருக்கு வலி மட்டுப்படுவது உண்மையே. அந்த நிம்மதி வீடு போய்ச் சேர்வதற்குள் தீர்ந்துவிடுகிறது. மறுநாள் மீண்டும் வருகிறார்கள்.

இனி என் பக்கத்து உண்மை. சயானுக்கு அருகே சுமார் 150 சதுர அடி அறையை வாடகைக்கு எடுத்து நான் தொழில் தொடங்கியபோது, தவணைக் கடனில் வாங்கியவை இரண்டு மெஷின்களும் நான்கு கட்டில்களும். ஒரு மெஷினை ஒட்டிவிட்டால் அவர் இருபது நிமிடம் படுத்திருப்பார். அதற்குள் அடுத்த கட்டிலைப் பார்க்கலாம். மாலை 6 மணியிலிருந்து 9 மணி வரை, லோக்கல் ரயிலிலிருந்து இறங்கி நேராக வருகிறவர்கள் வாசலில் நிற்க, நான்கு கட்டிலும் நிறைந்திருந்தால் மட்டுமே வாடகையும் தவணையும் கட்ட முடிந்தது. பயிற்சி சொல்லித் தருவதென்றால் ஒருவரோடு அரை மணி நேரம் நிற்க வேண்டும். மற்ற மூன்று கட்டிலும் காலியாக இருக்கும். பயிற்சியே முதன்மை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துகொண்டே, பத்து நாளும் மெஷின் வைத்து, பதினோராம் நாள் கையில் ஒரு பயிற்சித் தாளைக் கொடுத்து அனுப்பினேன். அந்தத் தாளில் கோட்டுருவப் படங்கள் எட்டு இருக்கும். மூட்டுவலிக்காரருக்கும் அதே எட்டு, இடுப்புவலிக்காரருக்கும் ஏறக்குறைய அதே எட்டு. மெஷின் ஏன் முதற்பொருள் ஆனது என்றால், நான்கு கட்டிலுக்கும் ஒரே நேரத்தில் காசு சம்பாதித்துத் தருவது அது ஒன்றே என்பதால்தான். இதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் இதைச் சொல்லாமல், மருத்துவர்கள் ஆய்வுகளைப் படிப்பதில்லை என்று மட்டும் சொன்னால் அது பாதி உண்மையாகிவிடும்.

ஒரு திங்கட்கிழமை, துணிந்து, மெஷின் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். "அப்போ காசைக் குறைச்சுக்குங்க" என்றார் ஒருவர். மூன்று மாதத்தில் பாதிப் பேர் தெருமுனையில் இருந்த வேறொரு கிளினிக்குக்குப் போய்விட்டார்கள். எதை மாற்ற வேண்டும் என்பது எனக்குப் புரிந்தது டென்மார்க்கில் 2013-ல் தொடங்கிய ஒரு திட்டத்தைப் பற்றிப் படித்தபோதுதான். கிளாட் என்று பெயர். மூட்டுவாதம் உள்ளவர்களுக்கு முதலில் நோயை விளக்கும் வகுப்புகள். பிறகு வாரம் இரண்டு வீதம் 12 முறை கண்காணிப்பில் பயிற்சி. தொடக்கத்திலும் முடிவிலும் அளவீடு. அங்கு தந்த பயிற்சிகளில் எங்களுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. அவர்கள் செய்த காரியம், தெரிந்ததையே இத்தனை முறை, இவ்வளவு நாள், இந்த வரிசையில் என்று பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தது. கனடாவும் ஆஸ்திரேலியாவும் அதை எடுத்துக்கொண்டதற்குக் காரணமும் அதுவே. நானும் தினக்கணக்கை விட்டுவிட்டு, ஆறு வாரத்துக்கு 12 முறை என்று ஒரே தொகையாகப் பேசத் தொடங்கினேன். மொத்தத் தொகை பழைய பத்து நாள் கணக்கைவிட அதிகமில்லை. நான்கு பேரை ஒரே நேரத்தில் வரச்சொல்லி, நான்கு கட்டிலில் இரண்டை விற்றுவிட்டு, அந்த இடத்தில் நாற்காலிகளைப் போட்டேன். வருமானம் குறையவில்லை என்பதை என் தொழில் நண்பர்களுக்காக இங்கே குறித்து வைக்கிறேன். அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

பயிற்சி என்ற சொல்லும் ஆய்வில் ஒரு பொருளிலும் தெருவில் வேறொரு பொருளிலும் வழங்குகிறது. ஆய்வில் பயிற்சி என்பது மருந்தைப் போல அளவு உடையது: தசை பலப்பட வேண்டுமானால், எட்டு முதல் பன்னிரண்டு முறை செய்தாலே களைத்துப்போகும் அளவுக்குச் சுமை இருக்க வேண்டும், வாரத்துக்கு இரண்டு மூன்று நாளாவது நடக்க வேண்டும், பழகப் பழகச் சுமையைக் கூட்ட வேண்டும். தெருவில் பயிற்சி என்பது மல்லாந்து படுத்துக் காலைப் பத்துமுறை தூக்குவது. ஆறு மாதம் ஆனாலும் அதே பத்து. மாத்திரையில் கால் பங்கை நறுக்கிக் கொடுத்துவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்று சொல்வதற்கு ஒப்பானது இது.

தாராவி 90 அடி சாலைப் பக்கம் வசிக்கும் ஓர் அம்மாவைச் சொல்கிறேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து நாற்பது ஆண்டு ஆகிறது. இரவு மூன்று மணிக்கு எழுந்து இட்லி அவித்து, விடிவதற்குள் சைக்கிள்காரர்களிடம் கொடுத்தனுப்பும் குடும்பம். கீழே அடுப்பு, மேலே படுக்கை. இரண்டுக்கும் நடுவே ஏணி போன்ற செங்குத்தான இரும்புப் படி. மாடிப்படி ஏறாதே, தரையில் உட்காராதே, நன்றாக நட என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். ஏணியை ஏறாமல் அவர் உறங்க முடியாது. தாழ்ந்த பலகையில் உட்காராமல் இட்லித் தட்டை எடுக்க முடியாது. நடப்பதற்கு அந்தச் சந்தில் இடமும் கிடையாது. வழிகாட்டுதல் சொல்வதை அவருக்கு நான் இப்படி மாற்றிக் கொடுத்தேன்: நாற்காலியில் நான்கு போர்வையை மடித்துப் போட்டு உயரமாக்கி, கை ஊன்றாமல் எழுந்து உட்கார வேண்டும், பத்துமுறை, மூன்று சுற்று. வாரத்துக்கு ஒரு போர்வையை எடுத்துவிட வேண்டும். போர்வை தீர்ந்ததும் ஒரு கிலோ அரிசிப் பை, பிறகு இரண்டு, பிறகு ஐந்து, மார்போடு அணைத்துக்கொண்டு. ஏணியின் முதல் படியில் ஏறி இறங்குவது தனிப் பயிற்சி. ஒருவர் எந்தக் காரியத்துக்குப் பயப்படுகிறாரோ அதையே சிறிது சிறிதாகப் பயிற்சியாக்குவது என் வழக்கமாயிற்று.

வலியின் அளவைக் கேட்பதிலும் ஒரு சிக்கல் வந்தது. கிளாட் திட்டத்தில் பூஜ்யத்திலிருந்து பத்து வரை வலியை அளக்கச் சொல்வார்கள். பயிற்சியின்போது ஐந்து வரை இருந்தால் தொடரலாம், மறுநாளைக்குள் அது வழக்கமான நிலைக்குத் திரும்பிவிட வேண்டும். பத்துக்கு எத்தனை என்று கேட்டால் அந்த அம்மா சிரிப்பார். எல்லாவற்றுக்கும் "பத்துதான்" என்பார். பதினாறு அணா ஒரு ரூபாய் என்ற பழைய கணக்கில், "ரூபாய்க்கு எத்தனை அணா வலிக்குது?" என்று கேட்டதும் சற்று யோசித்து, "பன்னிரண்டணா" என்றார். எட்டணாவுக்குள் இருந்தால் செய்யுங்கள், தாண்டினால் ஒரு போர்வையைத் திரும்பப் போடுங்கள் என்றேன். அணா புழக்கத்தில் இல்லாமல் போய் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் எங்கள் பாட்டிமார் வலியை அதில்தான் எண்ணுகிறார்கள். பன்னிரண்டாவது வருகையில், முப்பது நொடிக்குள் எத்தனை முறை நாற்காலியிலிருந்து எழ முடிகிறது என்று மறுபடி எண்ணினோம். முதல் நாள் ஏழு, அன்று பன்னிரண்டு. வலி ஆறணாவில் இருந்தது. முழுக்கப் போய்விட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான், போகவில்லை. ஏணியில் மட்டும் இப்போது பக்கவாட்டில் திரும்பி இறங்குவதில்லை.

சொற்களைப் பற்றித் தமிழ் நாளிதழிடமே முறையிட வேண்டியிருக்கிறது. மூட்டுவாதத்துக்கு நாம் எல்லோரும் "தேய்மானம்" என்கிறோம். தங்கள் கட்டுரையிலும் அச்சொல் எட்டு இடங்களில் வந்திருந்தது. தேய்மானம் என்றதும் செருப்பு நினைவுக்கு வருகிறது. தேய்ந்த செருப்பைக் காப்பாற்ற வேண்டுமானால் அதைப் போடாமல் இருக்க வேண்டும். ஆகவே தேய்மானம் என்று கேட்டவர் நடப்பதைக் குறைக்கிறார், தொடைத்தசை மெலிகிறது, மூட்டுக்குத் தாங்குதல் குறைகிறது, வலி கூடுகிறது. "பாத்தீங்களா, இன்னும் தேஞ்சிருச்சு" என்கிறார். மூட்டு உயிருள்ள திசுக்களால் ஆனது, அளவான சுமை அதற்கு நல்லது என்று நான் அரை மணி நேரம் விளக்கினாலும் அந்த ஒரு சொல்லை வெல்ல முடிவதில்லை. முதுகுக்கும் இதே கதி. எம்.ஆர்.ஐ. அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு தமிழில் "டிஸ்க் நகர்ந்துருச்சு", "எலும்புல கேப் வந்துருச்சு" என்பார்கள். இந்த ஊர் இந்தியில் "நஸ் தப் கயி", அதாவது நரம்பு அமுங்கிவிட்டது, என்பார்கள். வலியே இல்லாத 3,110 பேரின் முதுகுப் படங்களை ஆராய்ந்த 33 ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் ஒரு கட்டுரை வெளிவந்தது. இருபது வயதினரிலேயே 37 விழுக்காட்டினருக்கு, முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தை போலிருக்கும் டிஸ்க்கில் சிதைவு தெரிந்தது; எண்பது வயதினரில் அது 96 விழுக்காடு. டிஸ்க் பிதுக்கம் இருபது வயதில் 30, எண்பதில் 84. அவர்களில் ஒருவருக்கும் இடுப்புவலி இல்லை. நான் இப்போது நோயாளிகளிடம் அதை முதுகெலும்பின் நரை என்று சொல்லிப் பார்க்கிறேன். நரைத்த தலையைத் தடவிக்கொண்டே சிரித்துவிட்டு அறிக்கையைப் பைக்குள் வைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இதற்காக எல்லா இடுப்புவலியும் நரைதான் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது: சிறுநீர் மலம் போவதில் திடீர் மாற்றம், இரு தொடைகளுக்கு நடுவே மரத்துப்போதல், காலில் பலம் குறைந்துகொண்டே வருதல், காய்ச்சல், காரணமில்லாத எடை இழப்பு, விழுந்து அடிபட்டது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

அளவீடுகளையும் அப்படியே இறக்குமதி செய்துவிட முடிவதில்லை. முழங்கால் ஆய்வுகளில் பரவலாகப் பயன்படும் வோமாக் என்னும் வினாப்பட்டியல் கனடாவில் உருவானது. அன்றாடச் செயல்களைப் பற்றி அதில் உள்ள பதினேழு கேள்விகளில் இரண்டு காலுறையைப் பற்றியவை, அணிவதற்கு ஒன்று, கழற்றுவதற்கு ஒன்று. காரில் ஏறி இறங்குவது ஒன்று. குளியல் தொட்டிக்குள் இறங்கி வெளியே வருவது ஒன்று. மேற்சொன்ன அம்மாவிடம் காலுறையைப் பற்றிக் கேட்டபோது, "எனக்கு எதுக்கும்மா அது?" என்றார். அவருக்கு முக்கியமானவை சப்பணமிட்டு உட்கார்வது, பொதுக் கழிப்பறையில் குந்தி எழுவது, தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்தபடி சந்தில் திரும்புவது. ஆறு நிமிட நடைச் சோதனைக்கு முப்பது மீட்டர் நீள நடைபாதை வேண்டும். மும்பையில் முப்பது மீட்டர் தடையில்லாத தரை உள்ள கிளினிக்கைப் பார்த்தவர்கள் எனக்கும் காட்டவும். நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்காரும் சோதனைகூட, கதவைத் திறந்து வைத்து, வாசலில் காத்திருப்பவர்களை ஒதுங்கச் சொன்ன பிறகுதான் எங்கள் அறையில் நடக்கிறது. ஆனாலும் நடத்துகிறோம், ஒரு நாற்காலியும் கைப்பேசியில் இருக்கும் நொடிக்கணக்கும் போதும்.

ஆய்வு சொன்னதையெல்லாம் உடனே செய்துவிட வேண்டும் என்றும் நான் வாதாடவில்லை. பக்கவாதத்தில் கற்றுக்கொண்ட பாடம் அப்படிப்பட்டது. எவ்வளவு சீக்கிரம் எழுப்பி நடக்க வைக்கிறோமோ அவ்வளவு நல்லது என்று நாங்கள் நம்பிய காலம் ஒன்று உண்டு. 2015-ல் வெளிவந்த அவெர்ட் ஆய்வில், ஐந்து நாடுகளில் 2,104 நோயாளிகளில் ஒரு பாதியினரை 24 மணி நேரத்துக்குள் எழுப்பி அடிக்கடி, அதிகமாகப் பயிற்சி கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்து நல்ல நிலையில் இருந்தவர்கள் அவர்களில் 46 விழுக்காடு, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 50 விழுக்காடு. ஆர்வக்கோளாறு தீங்கு செய்யும் என்று அது காட்டியது. நம் நாட்டிலேயே நடந்த அட்டெண்ட் ஆய்வு எனக்கு இன்னும் நெருக்கமானது. மறுவாழ்வுச் சிகிச்சைக்கு ஆள் போதாத இந்தியாவில், வீட்டில் உள்ள ஒருவருக்கே பயிற்சியைக் கற்றுக்கொடுத்து அனுப்பினால் என்ன என்ற கேள்வியோடு 14 மருத்துவமனைகளில் 1,250 பக்கவாத நோயாளிகளை வைத்து நடத்தினார்கள். கேட்கும்போதே நியாயமாகத் தோன்றும் திட்டம். 2017-ல் முடிவு வந்தது: ஆறு மாதத்தில் இறந்தவர்களும் பிறர் உதவியின்றி வாழ முடியாதவர்களும் சேர்ந்து இரு பிரிவிலும் 47 விழுக்காடு. வித்தியாசமே இல்லை. மகளையோ மருமகளையோ பக்கத்தில் நிற்க வைத்து மூன்று நாள் காட்டிக்கொடுத்துவிட்டு, "இனி நீங்களே செய்துவிடுங்கள்" என்று நானும் பல ஆண்டுகள் அனுப்பியிருக்கிறேன். செலவு தாங்காமல் நோயாளியை ஊருக்கு ரயிலேற்றிவிடும் குடும்பங்களுக்கு வேறு என்ன செய்ய முடியும் என்றும் நினைத்திருக்கிறேன். குடும்பம் பார்க்கவே வேண்டாம் என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. எங்கள் வேலையைக் குடும்பத்தின் தலையில் இறக்கிவைத்துவிட்டால் அந்த வேலை முடிந்துவிடாது என்று சொல்கிறது. அதற்குப் பிறகு, ஊருக்குப் போகிறவர்களிடம் அந்தப் பக்கத்து அரசு மருத்துவமனையில் பிசியோதெரபிப் பிரிவு இருக்கிறதா என்று விசாரித்து, என்ன செய்தோம், எந்த அளவில் நிற்கிறது என்று தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தனுப்புகிறேன். எத்தனை பேருக்கு அது உதவியது என்று என்னிடம் கணக்கு இல்லை.

இளம் பிசியோதெரபிஸ்டுகளுக்கு ஆய்வு கிடைப்பதில் இப்போது தடையில்லை. சிட்னியிலிருந்து 1999 முதல் இயங்கிவரும் பெட்ரோ என்ற தரவுத்தளத்தில் எங்கள் துறை ஆய்வுகளின் சுருக்கங்கள் தர மதிப்பெண்ணோடு இலவசமாகக் கிடைக்கின்றன; தேடலை ஆங்கிலத்தில் செய்ய வேண்டும் என்றாலும், அதன் அறிமுகப் பக்கங்கள் தமிழிலும் உண்டு. 2021-ன் சட்டப்படி எங்கள் தொழிலையும் உள்ளடக்கிய ஒரு தேசிய ஆணையமும் வந்துவிட்டது. நான்கரை ஆண்டு படித்துவிட்டு வெளியே வரும் பிள்ளைகளில் பலர் என்னைவிட நன்றாகப் படித்திருக்கிறார்கள். பெயர் சொல்ல விரும்பாத ஒரு கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்த என் மாணவி ஒருத்தி, முதல் வாரமே ஒரு நோயாளிக்கு மெஷின் தேவையில்லை என்று சொன்னதற்காக, "நோயாளியிடம் பேச்சைக் குறைத்துக்கொள்" என்று கண்டிக்கப்பட்டாள். பத்து நாள் சீட்டின் முன்னால் அவளுடைய படிப்பு என்ன செய்யும்?

ஆகவே என் வேண்டுகோள் மருத்துவர்களுக்கு மட்டுமானதன்று. தங்கள் பக்கத்துக்கும் உரியது. சீட்டில் மெஷின் பெயருக்குப் பதிலாக "முழங்கால் மூட்டுவாதம், பரிசோதித்துச் சிகிச்சை தரவும்" என்று எலும்பு மருத்துவர்கள் எழுதினால் பாதி வழி திறக்கும். அதை அவர்களிடம் நான் நேரிலேயே கேட்டு வருகிறேன், இருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மீதி வழி வாசகரின் மனத்தில் இருக்கிறது, அங்கே போக எனக்கு வழியில்லை, தங்களுக்கு உண்டு. மூட்டுவலிக் கட்டுரைகளில் "பயிற்சி செய்யவும்" என்பதோடு நிறுத்தாமல், எந்தப் பயிற்சி, எத்தனை முறை, வாரத்துக்கு எத்தனை நாள், எப்போது சுமையைக் கூட்டுவது, எத்தனை அணா வலி வரை பொறுக்கலாம் என்று அச்சிடுங்கள். தேவைப்பட்டால் நான் கைம்மாறு கருதாமல் எழுதித் தருகிறேன். தேய்மானம் என்ற சொல்லைத் தவிர்க்க முடியுமா என்று தங்கள் துணை ஆசிரியர்களிடம் ஒரு முறை பேசிப் பாருங்கள்; மூட்டுவாதம் என்றாலே போதும்.

அடுத்த முறை படம் வேண்டியிருந்தால் மெஷினை விட்டுவிட்டு, ஐந்து கிலோ அரிசிப் பையை அணைத்துக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து நிற்கும் ஒரு பெண்மணியின் படத்தைப் போடலாம். தாராவி அம்மாவிடம் கேட்டு வைத்திருக்கிறேன். முகம் தெரியக் கூடாது என்கிறார். அன்றைக்கு நல்ல சேலை கட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு பிசியோதெரபிஸ்ட்,
சயான், மும்பை